ஒளித்து வைத்த நோட்டுப் புத்தகம்
மராத்திய மண்ணின் பெண் எழுத்தும் நம் வீட்டுக்குள் இருக்கும் சாதியும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் மன்றத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான தோழரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில், பெண்ணிய எழுத்தாளர்கள் குறித்து வரலாற்று நோக்கில் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்ட பிறகு, மன்றத்தின் பழைய ஆண்டு மலர்களை வாங்கிக்கொண்டு போய்ப் புரட்டினேன். கூட்டங்களின் படங்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பெயர்கள். மேடையில் இருக்கும் ஒருவர் பெயர்கூட விடுபடவில்லை. ஓரத்தில் தேநீர்த் தட்டோடும் இடுப்பில் குழந்தையோடும் நிற்கும் பெண்களுக்கு வரும்போது, 'மற்றும் பலர்' என்று முடிந்துவிடுகிறது. அந்தப் 'பலரில்' நாலைந்து பேரை எனக்குத் தெரியும். தோழரின் துணைவியார், நாம் எல்லோரும் அக்கா என்று அழைப்பவர், மூன்று படங்களில் இருக்கிறார். மூன்றிலும் அவருக்குப் பெயர் இல்லை. இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

இது நம் மன்றத்துக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாற்றை எழுதப் புறப்பட்ட எல்லா இடங்களிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால் இன்று மராத்திய மண்ணுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். புலேவும் அம்பேத்கரும் அங்கிருந்து வந்தவர்கள் என்பதை நாம் அறிவோம். அவர்களோடு அதே மண்ணில் எழுதிய பெண்களையும், சாதியைப் பற்றியும் ஆண்-பெண் உறவைப் பற்றியும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் நாம் அந்த அளவுக்கு அறியோம். 1855 தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகளாக அவர்கள் சொல்லிவருவதை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: சாதி பெண்ணின் உடலில் காவல் காக்கப்படுகிறது, அந்தக் காவல் எதிரியின் வீட்டிலும் இருக்கிறது, நம் வீட்டிலும் இருக்கிறது. இதில் முதல் பாதியை நாம் மேடைக்குக் கொண்டுவந்தோம். இரண்டாம் பாதியை அடுக்களையில் விட்டுவிட்டோம்.

ஒரு சிறுமி கேட்டது

1855 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 'ஞானோதயா' என்ற கிறித்தவ மராத்தி இதழில் ஒரு கட்டுரை இரண்டு பகுதிகளாக வந்தது. 'மாங், மகர் மக்களின் துயரம் பற்றி' என்பது அதன் பொருள். எழுதியவர் முக்தா சால்வே. வயது 14. மாங் சாதியில் பிறந்தவர். புனேயில் ஜோதிராவும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்தவர். தலித் பெண் ஒருவரின் எழுத்தாக இந்தியாவில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றில் இது ஒன்று.

அந்தச் சிறுமியின் வாதம் நேரானது. வேதம் பார்ப்பனருக்கு மட்டுமே உரியது, மற்றவர் அதைத் தொடக்கூடாது என்கிறார்கள். அப்படியானால் அது எங்கள் நூல் இல்லை. எங்களுக்கு நூலே இல்லை என்றால் மதமும் இல்லை என்றுதானே பொருள்? கடவுளே, எங்கள் மதம் எதுவென்று நீயாவது சொல் என்று கேட்கிறார். 1935இல் இயோலாவில் அம்பேத்கர் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மாங் சிறுமி மதத்தின் வாசலில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

பேஷ்வா ஆட்சியில் தன் மக்கள் பட்ட கொடுமைகளையும் அவர் எழுதுகிறார். கட்டடங்களின் கடைக்காலில் உயிரோடு புதைக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொல்கிறார். அதோடு நிறுத்தாமல், வேறு யாரும் எழுதாத ஒன்றையும் எழுதுகிறார். தங்கள் பெண்கள் பிள்ளை பெறும்போது தலைக்கு மேல் கூரை இல்லை, மழையிலும் குளிரிலும் கிடக்கிறார்கள் என்கிறார். சாதிக் கொடுமை என்றால் அடியும் கொலையும்தான் என்று நினைத்திருந்த காலத்தில், பிரசவத்தை அந்தப் பட்டியலில் சேர்த்தவர் அவர்.

இன்னொன்றும் சொல்கிறார். மகர்களும் மாங்குகளைத் தமக்குக் கீழானவர்களாக நினைக்கிறார்கள், பார்ப்பனரின் குணம் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது என்கிறார். ஒடுக்கியவனைக் கேள்வி கேட்ட அதே கட்டுரையில், பக்கத்துத் தெருவில் தன்னைப் போலவே ஒடுக்கப்பட்டவனையும் கேள்வி கேட்கிறார். இங்கே அருந்ததியர் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் எத்தனை பேர் தொண்டையைச் செருமிக்கொள்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறுமியின் துணிவு விளங்கும். வெளியே பார்க்கும் கண்ணும் உள்ளே பார்க்கும் கண்ணும் ஒரே முகத்தில் இருந்தன.

நைகாவிலிருந்து ஒரு கடிதம்

சாவித்திரிபாயை முதல் ஆசிரியை என்று கொண்டாடுகிறோம். 1848இல் பள்ளி தொடங்கியது, தெருவில் சாணியும் கல்லும் வாங்கியது, பாத்திமா ஷேக் உடன் நின்றது எல்லாம் இன்று பரவலாகத் தெரியும். 1854இல் அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது. அவர் ஜோதிராவுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1868 ஆகஸ்டில் தன் பிறந்த ஊரான நைகாவிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். அந்த ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு பார்ப்பன இளைஞனுக்கும் தீண்டப்படாத சாதிப் பெண்ணுக்கும் காதல். பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. ஊரார் இருவரையும் பிடித்துத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனார்கள், கொல்வதற்காக. சாவித்திரிபாய் கேள்விப்பட்டு ஓடினார். கொலை செய்தால் ஆங்கிலேயச் சட்டம் என்ன செய்யும் என்று சொல்லி அச்சுறுத்தினார். உயிரோடு விட்டார்கள், ஊரை விட்டு ஓடிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் அந்த இருவரையும் புனேயில் இருந்த ஜோதிராவிடம் அனுப்பிவைத்தார்.

இன்று நாம் ஆணவக் கொலை என்று அழைப்பதைத் தடுத்து நிறுத்திய ஒரு பெண், அதைத் தன் கையால் எழுதிவைத்த ஆவணம் இது. தருமபுரியையும் உடுமலைப்பேட்டையையும் பார்த்த நமக்கு அந்தத் தெருவின் சத்தம் கேட்காமல் இருக்காது. சாதி எங்கே காவல் காக்கப்படுகிறது என்பதைச் சாவித்திரிபாய் கோட்பாடாகச் சொல்லவில்லை. எங்கே போய் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கர்ப்பிணியின் பக்கத்தில் போய் நின்றார்.

தாராபாயின் கோபம்

1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் பார்ப்பன விதவை, தனக்குப் பிறந்த குழந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். முதலில் தூக்கு. மேல்முறையீட்டில் நாடுகடத்தல் என்று ஆனது; பிறகு அதுவும் குறைக்கப்பட்டது. மறுமணம் செய்துகொள்ளச் சாத்திரம் இடம் தராது. கருவுற்றது தெரிந்தால் சாதியிலிருந்து விலக்கி வைப்பார்கள். அந்த நிலையில் அவள் செய்ததை வைத்துப் பத்திரிகைகள் பெண்குலமே ஒழுக்கங்கெட்டது என்று எழுதின.

அதைப் படித்துக் கொதித்தவர் புல்தாணாவைச் சேர்ந்த தாராபாய் ஷிண்டே. மராத்தா சாதிப் பெண். அவருடைய தந்தை புலேவின் சத்தியசோதக் சமாஜத்தோடு தொடர்புடையவர். 1882இல் 'ஸ்திரீ புருஷ துலனா', அதாவது 'பெண் ஆண் ஒப்பீடு' என்ற சிறு நூலைத் தாராபாய் வெளியிட்டார். அச்சிட்டது 500 படிகள்.

நூலின் முறை எளியது. பெண்ணின் குற்றங்கள் என்று ஆண்கள் சொல்கிற ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்கிறார். அதையே ஆணிடம் வைத்துப் பார்க்கிறார். எல்லாவற்றிலும் ஆண்தான் முந்தி நிற்கிறான். மனைவி செத்தால் அவன் மறுநாளே மாப்பிள்ளை ஆகலாம். கணவன் செத்தால் அவளுக்கு மட்டும் ஏன் மொட்டை? பதிவிரதம் பேசும் புராணங்களில் தேவர்களின் நடத்தை எப்படி இருக்கிறது? கோட்டும் பூட்சும் போட்டுக்கொண்டு சீர்திருத்தம் பேசுகிறவன் தன் வீட்டில் என்ன செய்கிறான்? பேச்சு மராத்தியில், சண்டைக்கு வந்து நிற்கிற தொனியில் எழுதுகிறார். விதவை மறுமணத் தடை பார்ப்பனரோடு நிற்கவில்லை, மற்றச் சாதிகளும் கௌரவம் என்று அதை எடுத்து மாட்டிக்கொண்டன என்பதையும் கவனிக்கிறார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

நூலுக்கு எதிர்ப்பு வந்தது. சீர்திருத்தம் பேசிய ஆண்களுக்கும் பிடிக்கவில்லை. 1885இல் 'சத்சார்' என்ற தம் வெளியீட்டில் ஜோதிராவ் தாராபாய்க்கு ஆதரவாக எழுதினார். அதற்குப் பிறகு தாராபாய் எழுதியதாக எந்த நூலும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு நூலும் மறைந்தே கிடந்தது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1975இல் மால்ஷே என்ற மராத்தி ஆய்வாளர் அதைத் தேடியெடுத்து மறுபதிப்புச் செய்தார்.

500 படிகள் அச்சான ஒரு நூல் தொண்ணூறு ஆண்டுகள் காணாமல் போகும் என்றால், அச்சுக்கே போகாத பெண்களின் சொற்கள் எத்தனை காணாமல் போயிருக்கும்?

1916: அறிவின் மொழியில்

1916 மே 9ஆம் நாள், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையைப் படித்தார். மாணவர்கள் பலர் இதைப் பாடமாகப் படித்திருப்பீர்கள். அகமணமுறைதான் சாதியின் உயிர் என்பது அதன் மையம். அந்த வாதம் பெண்ணின் உடல் வழியாகவே நடக்கிறது என்பதைப் பல நேரம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம்.

அவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டுமானால், மணத்துக்குத் தகுந்த ஆண்களும் பெண்களும் சம அளவில் இருக்க வேண்டும். கணவன் முதலில் செத்தால் மனைவி 'மிச்சம்' ஆகிறாள். அவள் வெளியே மணந்தால் சாதி உடையும். உள்ளே மணந்தால் இன்னொருத்திக்கு மாப்பிள்ளை குறையும். ஆக, அவளைச் சிதையில் ஏற்று. இல்லையென்றால் விதவை என்று முடக்கு. மனைவி முதலில் செத்தால் மிச்சமாகும் ஆணை எரிக்க முடியாது, அவன் ஆண். அவனுக்கு அடுத்த தலைமுறையிலிருந்து ஒரு சிறுமியைக் கட்டிவை. சதி, விதவைக் கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும் பக்தியிலோ ஒழுக்கத்திலோ பிறந்தவை அல்ல, சாதியின் வேலியைப் பழுதுபார்க்கும் வேலைகள் என்று காட்டுகிறார்.

தாராபாய் கோபத்தில் கேட்ட கேள்விக்கு இது விடை. நைகாவ் ஊரார் ஏன் கர்ப்பிணியைக் கொல்லப் போனார்கள் என்பதற்கும் இதுதான் விடை. மேல் சாதிகளின் பழக்கத்தை மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றுவதால் சாதி பரவியது என்றும் அதே கட்டுரையில் சொல்கிறார். மற்றச் சாதிகளும் மறுமணத் தடையை மாட்டிக்கொண்டன என்று தாராபாய் கண்டது இதைத்தான்.

1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்த மாநாட்டின்போதே அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். பெண்கள் அங்கே வெறும் பார்வையாளர்களாக இல்லை.

1942: தலைவர் பெயர் என்ன?

1942 ஜூலையில் நாக்பூரில் அகில இந்தியப் பட்டியல் சாதிகள் சம்மேளனம் உருவானது. அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சென்னையிலிருந்து சென்ற ராவ் பகதூர் என். சிவராஜ், அன்னை மீனாம்பாளின் கணவர். அதே இடத்தில் ஜூலை 20ஆம் நாள் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடும் கூடியது. சுமார் 25,000 பெண்கள் வந்ததாகப் பதிவு இருக்கிறது.

ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டு அளப்பேன் என்ற பொருளில் அம்பேத்கர் பேசியது அந்த மாநாட்டில்தான். ஒவ்வொரு மார்ச் 8க்கும் நாம் சுவரொட்டியில் போடுவது அதைத்தான். இப்போது ஒரு கேள்வி. அந்த மாநாட்டின் தலைவர் யார்? இந்த அவையில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் நாற்பது வயது வரை தெரியாது.

சுலோசனாபாய் டோங்ரே. அவர் தம் தலைமை உரையில் குழந்தைப்பேற்றைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசினார், 1942இல். விவாகரத்து உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும் என்று மாநாடு தீர்மானம் போட்டது. ஆலையிலும் பீடித் தொழிலிலும் நகராட்சியிலும் உழைக்கும் பெண்களுக்கு விடுப்பும், காயம்பட்டால் இழப்பீடும், ஓய்வூதியமும் கேட்டது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை முன்னிட்டு 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியிலிருந்து விலகியதைப் பெருமையோடு சொல்கிறோம். மணமுறிவும் ஒருதார மணமும் அந்த மசோதாவில் இருந்தன. அவற்றைக் கேட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே சேரிப் பெண்கள் தீர்மானம் போட்டிருந்தார்கள். பாபாசாகேப் நமக்குத் 'தந்தார்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கேட்டவர்கள் இருந்தார்கள்.

சுலோசனாபாயின் பெயர் நமக்கு இன்று தெரிவதற்குக் காரணமும் இரண்டு பெண்கள்தான். ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் அம்பேத்கர் இயக்கத்தில் இருந்த முதிய பெண்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார்கள். பழைய இதழ்களைத் துழாவினார்கள். 1989இல் அதை நூலாகக் கொண்டுவந்தார்கள். நூலின் தலைப்பைத் தமிழில் 'நாங்களும் வரலாறு படைத்தோம்' என்று சொல்லலாம். 'உம்' என்ற அந்த இடைச்சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒளித்து வைத்த நோட்டுப் புத்தகம்

இனி இந்த உரையின் தலைப்புக்கு வருகிறேன்.

பேபி காம்ப்ளே 1929இல் பிறந்தவர், மகர் சாதி. மேற்கு மராத்தியத்தில் பல்டண் ஊரில் கணவரோடு சிறு கடை நடத்தினார். பொட்டலம் கட்ட வரும் பழைய தாள்களைப் படிப்பார். நூலகத்தில் புத்தகம் எடுப்பார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு நோட்டில் எழுதுவார். எழுதியதை யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்து வைப்பார். இப்படி ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

யாருக்குப் பயந்து ஒளித்தார்? ஊர்ச் சாதிக்காரனுக்கோ போலீசுக்கோ அல்ல. கணவருக்கும் வீட்டாருக்கும்.

பல்டணில் தங்கியிருந்த மாக்சின் பெர்ன்ட்சன் என்ற ஆய்வாளர் அந்த எழுத்தைப் பற்றி அறிந்து, வெளியிடத் தூண்டினார். 1982இல் 'ஸ்திரீ' என்ற மராத்தி இதழில் தொடராக வந்தது. 1986இல் 'ஜிண ஆமுச்ச', அதாவது 'எங்கள் வாழ்க்கை' என்ற பெயரில் நூலானது. தலைப்பில் 'என்' இல்லை, 'எங்கள்' என்றுதான் இருக்கிறது. மகர்வாடா முழுவதும் அந்த நூலில் இருக்கிறது: செத்த மாட்டைத் தின்ற பசி, கிராமத்துக்கு மகர்கள் செய்த இலவச ஊழியம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு வாய்க் கஞ்சி கிடைக்காமல் போனது, பாபாசாகேபின் பேச்சைக் கேட்டு அந்தப் பெண்கள் நிமிர்ந்தது. முக்தா சால்வே 1855இல் தொட்ட அதே பிரசவம், 130 ஆண்டுகள் கழித்து அதே மண்ணிலிருந்து திரும்பவும் எழுதப்படுகிறது.

அதே நூலில் வேறொன்றையும் எழுதுகிறார். எட்டு, ஒன்பது வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட சிறுமிக்கு ரொட்டி தட்ட வராது. அதற்கு மாமியாரின் அடி. தாங்காமல் தாய்வீட்டுக்கு ஓடினால் பிடித்து வந்து காலில் கனமான கட்டையைப் பூட்டுவார்கள். சில இடங்களில் மூக்கை அறுத்தார்கள். கொஞ்சம் வசதி வந்த மகர் குடும்பங்களில் மனைவியை வாசற்படி தாண்ட விடாமல் வைத்திருப்பதே கௌரவம் என்று ஆனது. தன் தாயைத் தந்தை கூண்டுக்கிளி போல அடைத்து வைத்திருந்ததையும் எழுதுகிறார். தாராபாய் 1882இல் கண்ட அதே 'கௌரவம்', நினைவிருக்கிறதா? வயலில் பாடுபட்டால்தான் அடுப்பெரியும் என்ற சாதிக்குள்ளும் அது வந்து உட்கார்ந்துவிட்டது. மனுவை எரித்த கைகளே அதன் ஒரு பக்கத்தைக் கிழித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டன.

ஆனால் அந்த நூலில் இல்லாத ஒன்று இருக்கிறது. பேபி காம்ப்ளே தான் பட்ட அடியை அதில் எழுதவில்லை. நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மாயா பண்டிட்டிடம் கொடுத்த பேட்டியில்தான் அதைச் சொல்கிறார். ஒருமுறை கூட்டத்துக்காகக் கணவரோடு மும்பைக்கு ரயிலில் போனார். நெரிசல். யாரோ சில இளைஞர்கள் அவரைப் பார்த்தார்கள் என்று சந்தேகப்பட்டு, கணவர் அங்கேயே அடித்தார். மூக்கில் ரத்தம் கொட்டியது. விடுதலை பேசும் கூட்டத்துக்குப் போகும் வழியில் நடந்தது இது.

இதை ஏன் நூலில் எழுதவில்லை? தன் துயரத்தைவிடத் தன் சமூகத்தின் துயரம் பெரிதாகத் தெரிந்தது என்ற பொருளில் பதில் சொல்கிறார். அந்தப் பதிலை நான் பல முறை படித்திருக்கிறேன். முதலில் தியாகம் என்று தோன்றியது. இப்போது அது நம்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்று தோன்றுகிறது. சமூகத்தின் துயரம் ஒரு பக்கம், தன் துயரம் இன்னொரு பக்கம் என்று அவரைப் பிரிக்க வைத்தது யார்? மகர் பெண் வாங்கும் அடி மகர் சமூகத்தின் துயரம் இல்லையா?

ஊர்மிளா பவார் 2003இல் 'ஆய்தான்' என்ற தன்வரலாற்றை எழுதினார். கொங்கண் பகுதியில் மூங்கில் முடைந்து பிழைத்த தாயின் மகள். மேலே படிப்பதற்கும் இயக்க வேலைகளுக்கும் தன் வீட்டிலேயே எழுந்த எதிர்ப்பை அவர் மறைக்காமல் எழுதினார். பேபி காம்ப்ளே பேட்டிக்கு ஒதுக்கி வைத்ததை, ஊர்மிளா புத்தகத்துக்குள்ளேயே வைத்தார். பதினேழு ஆண்டுகளில் நடந்த மாற்றம் அது.

எதிரிக்கு ஆயுதமா?

இங்கே ஒரு கேள்வி எழும். நம் இயக்கத் தோழர்கள் நல்லெண்ணத்தோடு கேட்பதுதான். 'இதையெல்லாம் வெளியே சொன்னால் எதிரி பயன்படுத்திக்கொள்வானே?'

இது புறந்தள்ள வேண்டிய கேள்வி இல்லை. தலித் ஆண் என்றாலே வன்முறையாளன் என்று எழுதக் காத்திருக்கும் பேனாக்கள் நிறைய. சாதிக் கலவரத்தில் நம் வீடுகளை எரிக்க வருகிறவன்கூடப் பெண்ணைக் காப்பாற்றுவதாகத்தான் சொல்லிக்கொண்டு வருகிறான். பெண்ணிய இயக்கத்தின் மேல்சாதித் தோழிகள் சிலருக்கும் நம் தன்வரலாறுகள் துயரக் கதைகளாக மட்டுமே தெரிகின்றன. படித்துக் கண்கலங்கிவிட்டு, தங்கள் வீட்டுச் சாதியைத் தொடாமல் நகர்ந்துவிடுகிறார்கள்.

தலித் பெண்கள் வேறு குரலில் பேசுகிறார்கள் என்று கோபால் குரு 1995இல் எழுதினார். புறத்தே மேல்சாதிப் பெண்ணியத்தையும் அகத்தே தலித் ஆணாதிக்கத்தையும் அவர்கள் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். அந்த விவாதத்தை மேலே கொண்டுபோனவர் புனேயில் பணியாற்றிய சர்மிளா ரெகே. 'பெண்' என்று சொன்னால் மேல்சாதிப் பெண், 'தலித்' என்று சொன்னால் ஆண் என்று நம் அரசியல் மொழி ஆகிவிட்டதை அவர் சுட்டினார். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் விழுந்தவள் தலித் பெண். அவள் எழுத்தை ஒருத்தியின் சொந்தக் கதையாகப் படிக்காதீர்கள், ஒரு சமூகம் கொடுக்கும் சாட்சியமாகப் படியுங்கள் என்றார். சாட்சியம் என்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை கேட்டவர்களுக்கு வந்துவிடுகிறது.

தமிழிலும் இந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள். 1989இல் சிவகாமி 'பழையன கழிதலும்' நாவலில், ஊருக்கு நியாயம் பேசும் தலித் தலைவர் ஒருவர் தன் வீட்டுப் பெண்களிடம் எப்படி நடக்கிறார் என்பதை மகளின் கண்ணால் காட்டினார். நம் ஆட்களையே ஏன் இப்படி எழுத வேண்டும் என்று அன்று எழுந்த முணுமுணுப்பு, மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். 1994இல் 'சங்கதி'யில் சேரிப் பெண்களை நடுவில் கொண்டுவந்தார். வயலில் ஆணுக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த கூலி, வீட்டில் அடி, இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண்களின் சிரிப்பும் பாட்டும் வசவும். மராத்தியில் நடந்ததும் தமிழில் நடந்ததும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது அல்ல. ஒரே மாதிரியான வீடுகளிலிருந்து ஒரே மாதிரியான எழுத்து வந்தது.

எதிரிக்கு ஆயுதம் கிடைக்குமே என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். நம் வீட்டில் நடப்பது எதிரிக்குத் தெரியும். அவன் வீட்டிலும் அதேதான் நடக்கிறது. அதைச் சாத்திரமாக எழுதி வைத்தவனே அவன்தான். நாம் மறைப்பதால் அவனுக்கு ஒன்றும் நட்டமில்லை. நட்டமெல்லாம் நம் பெண்களுக்கு. எந்தப் பெண் எழுதுவதை இருபது ஆண்டுகள் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறதோ, அவளுடைய இருபது ஆண்டுகளை இயக்கமும் இழக்கிறது. தாராபாய் இரண்டாவது நூல் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? முக்தா சால்வே 24 வயதில், 34 வயதில் என்ன எழுதியிருப்பார்? 14 வயதில் எழுதியதோடு அவர் குரல் நமக்கு நின்றுவிட்டது.

அகமணமுறையை ஒழிக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். தன் மகள் வேறு சாதியில், அதுவும் நமக்கும் 'கீழே' என்று நாம் ரகசியமாக நினைத்திருக்கும் சாதியில் ஒருவனை விரும்பினால் என்ன செய்கிறோம்? 1916 கட்டுரையை நாம் உண்மையிலேயே படித்தோமா என்பதற்கான தேர்வு அன்றைக்கு, நம் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும்.

நாம் செய்யக்கூடியது

சொற்பொழிவு என்றால் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம். அதனால் மூன்று வேண்டுகோள்களை மன்றத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, பழைய மலர்களில் உள்ள 'மற்றும் பலர்' யார் யார் என்று கண்டுபிடித்து, வரும் ஆண்டு மலரில் அந்தப் படங்களைப் பெயர்களோடு மறுபடி அச்சிட வேண்டும். அதற்கு வேண்டியது வயதானவர்களிடம் ஒரு மாலை நேரம் உட்காருவது மட்டுமே. இன்னும் பத்து ஆண்டுகள் போனால் சொல்ல ஆள் இருக்காது.

இரண்டாவது, ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் செய்ததை நம் மாவட்டத்தில் மாணவர்கள் செய்ய வேண்டும். இயக்கத்தில் இருந்த பெண்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். கையில் இருக்கும் கைப்பேசியே போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பேட்டி எடுக்கும்போது கணவரோ மகனோ பக்கத்தில் உட்கார வேண்டாம். அன்பாகத்தான் உட்காருவார்கள், ஆண்டு தவறினால் திருத்துவார்கள். ஆனால் அவர்கள் இருக்கும்போது ஒரு பெண் சொல்லும் வரலாறு வேறு, இல்லாதபோது சொல்லும் வரலாறு வேறு.

மூன்றாவது, இந்த மன்றத்தின் கூட்டங்களில் யார் பேசுவது, யார் தேநீர் கொடுப்பது என்பதை ஓராண்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். இதைச் சிலர் சிரித்துக்கொண்டே கேட்பீர்கள். 1942இல் 25,000 பெண்கள் நாக்பூருக்குப் போனபோது அவர்கள் வீடுகளில் யாராவது அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். அது யார் என்று நாம் கேட்டதே இல்லை.

இந்த உரையைத் தயாரிக்கும்போது அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். தோழரைப் பற்றி நிறையச் சொன்னார். அவர் சிறையில் இருந்தபோது மன்றத்தின் வரவு செலவுக் கணக்கை எழுதியது யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய், துணிப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். கணக்குதான். ஆனால் ஒவ்வொரு மாதக் கணக்குக்குப் பின்னாலும் ஒன்றிரண்டு பக்கம் வேறு ஏதோ எழுதியிருந்தது. படிக்கட்டுமா என்று கேட்டேன். 'இன்னைக்கு வேணாம்மா, நானே ஒருதரம் படிச்சுப் பாத்துட்டுத் தர்றேன்' என்றார்.

அவர் எப்போது தருகிறாரோ அப்போது நாம் அதை அச்சிட வேண்டும். தரவில்லை என்றால் அதுவும் அவர் உரிமை. ஆனால் இன்னொரு பெண் தன் நோட்டைப் பெட்டியின் அடியில் வைக்க வேண்டிய தேவை நம் வீடுகளில் இனி இருக்கக்கூடாது. அந்தப் பொறுப்பு எழுதுகிற பெண்ணுடையது அல்ல. இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் நம் எல்லோருடையது.

ஜெய்பீம்.